ஏரிக்கரை வளைவில் ஆடும் சக்கரம்

ஜூலை 1, திங்கள்

ஏரிக்கரை வளைவில் இன்று வண்டியின் பின்பக்கம் ஒரு மாதிரி ஆடியது. ஆட்டம் என்றால் பெரிதாகத் தோன்றும். உட்கார்ந்திருக்கும் இருக்கையை அடியிலிருந்து யாரோ மெல்ல ஒரு பக்கம் இழுத்து, உடனே கையை எடுத்துக்கொண்டதுபோல. "ஏனுங்க, பின் சக்கரம் ஆடுதே" என்றேன். இவர் திரும்பாமலே, "ரோடு சரியில்லை" என்றார்.

ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம்தான் தார் போட்டார்கள்.

சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல்வரை தினமும் இவர் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறேன். கல்லூரி வாசலில் என்னை இறக்கிவிட்டு இவர் தன் கடைகளைப் பார்க்கப் போய்விடுவார். பயிர் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. இவருக்கு ஆபீஸ் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த வண்டியின் சீட்டுதான். எனக்கு அந்தக் கல்லூரியில் நூலகர் வேலை. இந்தச் சாலையில் ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை எங்கே தொடங்கும், முட்டை லாரிகள் எங்கே வேகம் குறைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவள் ஆடியது என்றால் ஆடியதுதான்.

சாயங்காலம் இவர் வாசலுக்கு வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. "இன்னொண்ணு எங்க?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். கேட்டுக்கு வெளியே கழன்று கிடந்தது. இருவரும் சிரித்தோம்.

மாவு ஆட்டியாயிற்று. காஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

ஜூலை 3, புதன்

மறுபடியும் அதே வளைவு, அதே இழுப்பு. தீவனக் கடைக்குப் பக்கத்திலுள்ள பஞ்சர் கடையில் நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்தவர் காற்றைப் பார்த்தார், டயரைச் சுழற்றிப் பார்த்தார், நகத்தால் தட்டிக்கூடப் பார்த்தார்.

"காத்து கரெக்டா இருக்குதுங்க. டயரும் புதுசு. அக்கா மட்டும் பின்னாடி ஆடாம உக்காந்து வந்தாங்கன்னா போதும்."

இவர் அந்த வேடிக்கைக்குத் தேவைக்கு மேலேயே சிரித்தார்.

ஜூலை 6, சனி

மாதேஷின் கடைக்குப் போனோம். எங்கள் வண்டியைப் பல வருஷமாகப் பார்க்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும், கை வேலை செய்துகொண்டே இருக்கும், வாய் அதைவிட வேகமாக. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் தள்ளியும் பார்த்தார்.

"அண்ணா, டொக் டொக்னு கேக்குதா? கேக்கலயா? அக்கா, உங்களுக்கு?"

"கேக்கலைங்க."

"எனக்குக் கேக்குது. புஷ் போயிருச்சு."

சக்கரத்தைத் தாங்கும் நீளமான இரும்புக் கை ஒன்று வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் சின்னக் குழாய்போல ஒரு பாகம் இருக்கிறது. அதுதான் தேய்ந்திருக்கிறதாம். கழற்றியதை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தது. அதைப் பார்த்ததும் மனசு லேசானது. காரணம் கையில் பிடிக்கிற பொருளாக இருந்தால் எனக்குப் போதும்.

"இனிமே அக்கா பின்னாடி உக்காந்து டீயே குடிக்கலாம். ஒரு சொட்டு சிந்தாது."

"அவ வீட்டுல உக்காந்து குடிச்சாலே சிந்துவா" என்றார் இவர்.

ஜூலை 8, திங்கள்

ஆடுகிறது.

ஜூலை 10, புதன்

இப்போது குற்றம் என் மேல் வந்துவிட்டது. நான் ஒரு பக்கமாக உட்காருகிறேன், பாரம் முழுக்க இடப்பக்கம் விழுகிறது, அதனால்தான் ஆடுகிறதாம். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் உட்காருகிறேன். "அப்ப நீ இந்த எடை இல்லை" என்றார். கோபம் வரவில்லை. நிஜமாகவே அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நப்பாசை.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் மதிவதனியிடம் போனில் சொன்னேன். "அம்மா, ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருன்னு நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? பீரோவுல என் சுடிதார் ரெண்டு கெடக்குது, எடுத்துப் போடு."

போட்டேன். கல்லூரி வாசலில் காவலாளி ஒரு கணம் என்னைப் புதிதாகச் சேர வந்தவள் என்று நினைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் உலகம் நேராக வருகிறது. இத்தனை வருஷமாகச் சாலையின் இடப்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். இன்றுதான் இவர் தோளுக்கு மேலாக முன்னால் பார்த்தேன்.

ஒன்று கவனித்தேன். கியர் மாற்றும்போதும் பிரேக் போடும்போதும் இவர் குனிந்து காலைப் பார்க்கிறார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன். "ரோடு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். புதுச் செருப்பு வழுக்குகிறதோ என்னவோ.

சக்கரம் இன்றும் ஆடியது. ஆக, காரணம் என் எடை இல்லை.

ஜூலை 12, வெள்ளி

இவருக்கு மலை கிடைத்துவிட்டது!

கொல்லிமலை ரூட்டைத் தனக்குக் கொடுக்கும்படி எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் மலைமேல். மிளகு, காப்பி, அன்னாசித் தோட்டக்காரர்கள். சமவெளிக் கடைக்காரர்களோடு பேசிப் பேசி வாய் மரத்துப்போயிற்று, மேலே போனால் மனிதர்களோடு பேசலாம் என்கிறார். சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறையில் வந்து நின்று, எழுபது வளைவில் எது கடினம், எதில் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் கையை வளைத்து வளைத்துக் காட்டினார். கல்யாணமான புதிதில் அதே மலைக்கு என்னைக் கூட்டிப்போனார். பாதி வழியில் வாந்தி எடுத்தேன். அதையும் மறக்காமல் சொன்னார்.

இவ்வளவு சந்தோஷமாக இவரைப் பார்த்து வெகு நாளாகிறது. கேசரி கிளறினேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், இன்று ஒரு நாள் பரவாயில்லை.

அந்தத் தேதிக்குள் சக்கரத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

இவர் ராசிபுரம் போய்விட்டு வந்ததும் வாசலில் கருகல் வாடை. பால்தான் தீய்ந்துவிட்டது என்று சமையலறைக்கு ஓடினேன். அடுப்பே எரியவில்லை. வண்டியைச் சுற்றிவந்து, பின் சக்கரத்தின் நடுவில் குடம்போல இருக்கிறதே, அந்த பிரேக் டிரம்மைத் தொட்டேன். விரலைச் சுட்டுவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறேன். எழுதும்போது பேனா உறுத்துகிறது.

மாலையில் கரண்ட் போனது. நான் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். கூடத்தின் நடுவில் நடந்துகொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். "ஏன் நிக்கறீங்க? உக்காருங்க" என்றால், "வெளிச்சம் வரட்டும்" என்கிறார். நாற்காலி இரண்டடி தள்ளித்தான் இருந்தது. வெளிச்சம் வரும்வரை அங்கேயே நின்றார்.

ஜூலை 16, செவ்வாய்

மாதேஷ் டிரம்மைத் திறந்தார். உள்ளே இருக்கும் பிரேக் ஷூ கருகிப் பளபளத்துக் கிடந்தது.

"சித்திரையிலதான் இத மாத்துனேன். ரெண்டு வருஷம் ஓடணும். என்னங்ண்ணா, பிரேக் மேலயே கால வச்சுட்டு ஓட்டறீங்களா? புதுசா கத்துக்கறவங்கதான் இப்படிப் பண்ணுவாங்க."

சாதாரணமாக இவர் இதற்குப் பதிலடி கொடுத்திருப்பார். இன்று முகம் சுருங்கிப்போயிற்று.

"நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ அரை டிராயர் போட்டுட்டிருந்தே. போலி சாமானை மாட்டிட்டு என் காலைச் சொல்லாதே."

மாதேஷ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

புது ஷூ போட்டார். பிரேக் பெடலைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தார். சக்கரம் நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். பிறகு, பின்னால் ஆள் இருந்தால்தானே ஆடுகிறது என்று எதிர்க் கடையிலிருந்து ஒரு மூட்டைக் கோழித் தீவனத்தைக் கேட்டு வாங்கி, சீட்டில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைவரை ஓட்டிவிட்டு வந்தார்.

"ஆடவே இல்லைங்க. அக்காவும் மூட்டையும் ஒரே எடைதான்" என்றவர், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இவர் வழக்கம்போலச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

இன்று கல்லூரி வாசலில் இறங்கி, ஏதோ நினைப்பில் உள்ளே போகாமல் நின்று, இவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. பிரேக் பிடித்தால் எரியும் விளக்கு. முன்னால் ஒரு வண்டிகூட இல்லை, மேடு பள்ளம் இல்லை. பெரிய ஆலமரம்வரை எரிந்துகொண்டே போயிற்று. திரும்பும் இடத்தில்கூட அணையவில்லை.

சுவிட்ச் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாதேஷிடம் சொல்ல வேண்டும்.

நூலகத்தில் கரையான் மருந்து அடித்தார்கள். நாள் முழுக்கத் தும்மல்.

ஜூலை 19, வெள்ளி

மாதேஷ் போன் செய்தார். "அண்ணன் வந்தாருங்க்கா. சுவிட்ச் கரெக்டா இருக்குது. மிதிச்சா எரியுது, விட்டா அணையுது."

சரிங்க என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

காலையில் குளியலறையில் சத்தம். சோப்பு நுரையோடு கண்ணை மூடி முகம் கழுவும்போது தடுமாறிச் சுவரில் மோதிவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. "தரை வழுக்குது. என்னத்தத்தான் கழுவறே?" என்றார்.

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்தேன். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது. சுவரையும் கழுவினேன். குழாய்க்கு மேலே, தோள் உயரத்தில், சுண்ணாம்பு மங்கி ஓர் உள்ளங்கை அடையாளம் இருக்கிறது. ஒரே நாளில் விழும் அடையாளம் இல்லை. தேய்த்தும் போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

மலைக்கென்று புது மழைக்கோட்டு வாங்கியிருக்கிறார். கண்ணாடி முன் போட்டுக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 24, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு இவரோடு மாதேஷ் கடைக்குப் போனேன். மாதேஷ் சலித்துப்போயிருந்தார். "பேரிங் பாத்தாச்சு, புஷ் மாத்தியாச்சு, செயின் பாத்தாச்சு. தனியா ஓட்டுனா ஆடல, மூட்டை வச்சு ஓட்டுனாலும் ஆடல. அக்கா உக்காந்தா மட்டும் ஆடுதுன்னா நான் என்ன பண்ண?"

"அப்ப என்னையே உக்கார வச்சு ஓட்டிப் பாருங்க" என்றேன்.

இந்த ஊரில் அண்ணன் தம்பி, கட்டிய புருஷன் தவிர இன்னொரு ஆண் ஓட்டும் வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. உட்காரலாம் என்று இவ்வளவு நாளும் எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. அல்லது தோன்றியும் யாரும் சொல்லவில்லை.

"அக்காவ உக்கார வச்சு நான் எப்படிங்க்கா…" என்று மாதேஷ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூட்டைய உக்கார வச்சீங்கல்ல?"

இவர்தான் முடித்துவைத்தார். "போய்ட்டு வா" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, இன்று சேலை கட்டியிருந்ததால் பழையபடி ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பெரிய அகராதியை வைக்கும் அளவுக்கு இடம் விட்டு, பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாதேஷ் முட்டைத் தட்டுகளை ஏற்றிப் போகிறவர்போல ஓட்டினார்.

"கொஞ்சம் வேகமாப் போங்க. இவர் போற வேகத்துல" என்றேன்.

ஏரிக்கரை வளைவு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆடவில்லை. திரும்பி வந்து இன்னொரு முறை. ஆடவில்லை. வண்டி தண்டவாளத்தில் போவதுபோலப் போயிற்று. ஏரியில் தண்ணீர் குறைந்து, நடுவில் மேடு தெரிந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடை வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். கிளம்பும்போது எந்த இடத்தில் நின்றாரோ அதே இடத்தில், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி. "என்ன, ஆடுச்சா?" என்றார்.

இவர் குரலில் இருந்தது கேள்வி மட்டும் இல்லை.

"கொஞ்சம் ஆடுச்சு" என்றேன்.

மாதேஷ் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். அவர் பார்வையை எடுத்து, வண்டியின் இருக்கையைத் துணியால் ஒரு தடவை துடைத்தார்.

"ஆமாங்ண்ணா. லேசா இருக்குது. வண்டி இங்கயே நிக்கட்டும். நான் பொறுமையா பாத்துச் சொல்றேன்."

பஸ்ஸில் வந்தோம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 27, சனி

வண்டி கடையில் இருந்தவரை நன்றாகத் தூங்கினேன்.

பகலில் மாதேஷ் போன். "அக்கா, அண்ணன் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. சாமான் வரணும், ரெண்டு நாள் பொறுங்கன்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. நான் என்னங்க்கா பண்றது?"

"நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், நாளைக்கு மலையேறிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வேலைக்குப் போகும் முன் வளைவுகளைக் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டுமாம். "நீயும் வா. இந்தத் தடவ எலுமிச்சம்பழம் எடுத்துக்க."

வரவில்லை என்றால் தனியாகப் போவார். தனியாக விட மனமில்லை.

ஜூலை 28, ஞாயிறு

காலையிலேயே கிளம்பினோம். சுடிதார் போட்டுக்கொண்டேன். காரவள்ளி சோதனைச் சாவடிவரை சமதளம். இவர் பாட்டுக்கூட முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மலை மேகத்துக்குள் இருந்தது.

முதல் வளைவில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. இரண்டாவது வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. இவர் ஒதுங்கினார். அந்த இழுப்பு வந்தது. ஏரிக்கரையில் வருவதுபோல இல்லை. பின் சக்கரம் நன்றாகவே வெளிப்பக்கம் நகர்ந்தது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் மரங்களின் தலை தெரிந்தது. பஸ் போய்விட்டது. அதன் கூரையில் ஏற்றியிருந்த அன்னாசிப் பழங்களின் வாசனை மட்டும் நின்றது.

"நிறுத்துங்க" என்றேன்.

"இங்கயா? மேல வியூ பாயிண்ட் இருக்குது."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

ஓரமாக நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. நான் இறங்கினேன். இவர் இடது காலைத் தரையில் ஊன்றி, முன் பிரேக்கை விட்டுவிட்டு, வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்க வலது கால் இப்ப எங்க இருக்குது?"

"என்ன கேள்வி இது, கோகிலா?"

"குனியாம சொல்லுங்க."

"ஃபுட்ரெஸ்ட்டு மேல. வேற எங்க இருக்கும்?"

நான் வண்டிக்குப் பின்னால் போய், விளக்குக்கு நேராக உள்ளங்கையை விரித்தேன். மலையின் மங்கல் வெளிச்சத்தில் கை முழுக்கச் சிவந்தது. "திரும்பிப் பாருங்க" என்றேன். பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பின் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பெடல் மேல் இருந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டே அதைத் தூக்கி எடுத்தார். என் கையில் சிவப்பு அணைந்தது. பார்த்துக்கொண்டே மறுபடி வைத்தார். சிவந்தது. எடுத்தார்.

பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றதும் காட்டில் ஏதோ ஒரு பறவை கத்துவது கேட்டது.

"பங்குனியில இருந்து" என்றார். "பஞ்சு மேல நடக்கற மாதிரி. மொதல்ல செருப்புத்தான் மெத்துனு இருக்குதுன்னு நெனச்சேன். வெறுங்கால்லயும் அப்படியே இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய எடுக்க விடமாட்டே."

"விடமாட்டேன்."

"அதான்."

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழத்தை நான் உருட்டிக்கொண்டிருந்தேன். "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"இப்பத்தான்."

இவர் என் விரலில் டிரம் சுட்ட தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே கீழே இறங்கினோம். இவர் கைப்பிடியில், முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து; நான் பின்னால் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு. எதிரே ஏறிவந்த பையன்கள் கூட்டம் ஒன்று, "பெட்ரோல் இல்லையா அங்கிள்?" என்றது. "ஆமாப்பா" என்றார் இவர். சாவடிக்குப் பக்கத்து டீக்கடை அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். பஸ் படியில் ஏறும்போது இவர் என் தோளில் கை வைத்தார். பங்குனியிலிருந்து எத்தனை இடங்களில் எதையெதைப் பிடித்துக்கொண்டாரோ.

ஜூலை 30, செவ்வாய்

டாக்டரம்மா இவரைச் செருப்பில்லாமல் நிற்கச் சொன்னார். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து நில்லுங்கள், இப்போது கண்ணை மூடுங்கள் என்றார். மூடியதும் இவர் சாய்ந்தார். நானும் டாக்டரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

இவரைப்போலச் சர்க்கரைக்கு ஒரே மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஒரு வைட்டமின் குறைந்துபோகுமாம். அது குறைந்தால் கால் எங்கே இருக்கிறது என்கிற சேதி மூளைக்குப் போய்ச் சேராது. ரத்தம் எடுத்தார்கள். அதுதான் என்று தெரிந்தால் ஊசி. இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம், ஆனால் இப்போதாவது வந்தீர்களே என்றார்.

"முழுசா சரியாயிடுமா டாக்டர்?" என்றார் இவர்.

"நெறைய சரியாகும். எவ்வளவுன்னு ஊசி போட்டுட்டு, சில மாசம் போனப்புறம்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க."

"பிரேக் ஷூவப் போய்க் குத்தம் சொன்னேன்" என்று வெளியே வந்து இவர் சொன்னார். மாதேஷிடம் இவரே போய்ச் சொல்லட்டும். நான் சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அதேதான். முதல் ஊசி போட்டாயிற்று.

காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து மேனேஜருக்குப் போன் செய்தார். என் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகப் பேசினார் என்று நினைக்கிறேன். "மலை ரூட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க சார்… இல்ல சார், வண்டியில ஒரு ரிப்பேரும் இல்ல. எனக்குத்தான்." அடுப்பைக் குறைத்தேன். தோசை கருகியது. அதையே நான் சாப்பிட்டேன்.

நாமக்கல் கிடங்கில் இருந்துகொண்டு போனில் ஆர்டர் எடுக்கும் வேலை. தினமும் என்னோடு பஸ்ஸில் வரலாம். மழைக்கோட்டை மடித்து பீரோவின் மேல்தட்டில் வைத்தார். கொடுத்துவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாதேஷ் மலையடிவாரம் போய் வண்டியை எடுத்துவந்து வாசலில் நிறுத்தினார். இவர் அவரை உள்ளே அழைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார். "உன் சாமான் போலி இல்லப்பா. என் கால்தான் போலி" என்றார். மாதேஷுக்குக் காப்பி புரையேறிவிட்டது.

வாசலில் வண்டி சும்மா நிற்கிறது. துடைத்தேன். இவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வித்துடலாமா?" என்றார்.

"எதுக்கு? நான் கத்துக்கறேன்."

"இது ஸ்கூட்டி இல்ல. கியர் வண்டி."

"தெரியும். உங்களுக்குப் பின்னாடி உக்காந்து பாதி கத்துக்கிட்டேன். முன்னாடி உக்காந்து மீதி."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். கல்லூரி மைதானத்தில் நான்கு முறை வண்டி நின்றுபோனது. ஒரு முறை விழுந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. மாதேஷ் பின்னால் ஓடிவந்துகொண்டே, "குனிஞ்சு கியரப் பாக்காதீங்க்கா, ரோட்டப் பாருங்க!" என்று கத்தினார். மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊசி தவறாமல் போகிறது. நேற்று குளியலறையில் சுவரைத் தொடாமல் முகம் கழுவியதாகச் சொன்னார். கண்ணை மூடியா என்று கேட்டேன். "ஒரு கண்ண" என்றார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று முதல் முறையாகச் சாலையில். இவர் பின்னால் உட்கார்ந்துதான் தீருவேன் என்றார். "உனக்கு லைசென்ஸ் இல்ல. எனக்கு இருக்குது. நான் இல்லாம நீ ஓட்டக் கூடாது." இவர் பக்கம் சட்டம் இருந்தால் விடவே மாட்டார்.

கிளம்புவதற்கு முன் தன் இரண்டு காலும் பின் மிதிகளின் மேல் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். வலது கால் கொஞ்சம் வெளியே இருந்தது. கையால் எடுத்து நேராக வைத்தேன். "இப்ப தெரியுதா?" "லேசா" என்றார். போன வாரம் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருந்தது. ஜவ்வரிசி ஆலையின் வாடை வந்தது, போனது. இரண்டாவது கியர், மூன்றாவது. இவர் கை என் தோளில் இருந்தது. முதலில் கனமாக, பிறகு சும்மா வைத்ததுபோல. நல்ல மழை பெய்ததில் ஏரி நிறையத் தண்ணீர், நடு மேடு தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டேன் போல. வளைவில் கியரைக் குறைக்க மறந்து, கடைசி நொடியில் குனிந்து காலைப் பார்த்து மிதித்தேன். வண்டி பின்பக்கம் ஒரு இழுப்பு இழுத்து, பாம்புபோல நெளிந்து, எப்படியோ நேரானது.

கொஞ்ச தூரம் போய்த்தான் பேச வந்தது.

"ஏனுங்க, பின் சக்கரம் ஆடுச்சா?"

தோளில் இருந்த கை அசையவில்லை.

"ரோடு சரியில்லை" என்றார்.